அட்ரினலின் போட்டு நின்ன அல்சர் ரத்தத்தை நம்பலாமா?

அரூர்_பணிமருத்துவர் | இரவு 9.12

சுத்தி வளைக்காம கேட்டுடறேன். தாலுகா அளவு ஆஸ்பத்திரி. 2.8 மில்லிமீட்டர் சேனல் (கருவி நுழையற துளை) உள்ள ஸ்கோப், அதாவது வாய் வழியா வயித்தைப் பார்க்கிற எண்டோஸ்கோப் ஒண்ணு, அதுக்குள்ள விடற ஸ்க்ளீரோ ஊசி, அட்ரினலின் ஆம்பூல் எப்பவும் இருக்கும். ரத்தக்குழாயைக் கடிச்சுப் பிடிக்கிற கிளிப் சில நேரம் இருக்கும், சில நேரம் இண்டென்ட் (ஸ்டோருக்குக் கேட்புச் சீட்டு) போட்டுக் காத்திருக்கணும். சூடு வைக்கிற ஹீட்டர் புரோப், பைபோலார் ரெண்டும் இல்லை. அறுபது வயசுக்காரர், முட்டிவலி மாத்திரை தினமும் போடறவர், ரத்த வாந்தியும் தார் மாதிரி மலமுமா வர்றார்னு வெச்சுக்குவோம். டியோடினல் பல்பில (சிறுகுடல் தொடங்கற இடம்) அல்சர், ரத்தம் பீச்சுது. நாலு பக்கமும் அட்ரினலின் போட்டதும் நின்னுடுது. அப்படியே வார்டில வெச்சுப் பார்க்கலாமா, இல்லை ஏத்தி அனுப்பிடணுமா? ஸ்கோப்புக்கு முன்னாடி எதெல்லாம் முடிஞ்சிருக்கணும்?

ஓசூர்_கேஸ்ட்ரோ | இரவு 9.40

நம்பக் கூடாது.

அந்த ரத்தம் நிக்கிறதுக்கு ரெண்டு காரணம். மருந்தால நாளம் (ரத்தக்குழாய்) சுருங்குது, உள்ளே ஏறின திரவம் நாளத்தைச் சுத்தி அமுக்குது. ரெண்டுமே கொஞ்ச நேரக் கதை. திரவம் உறிஞ்சிட்டா அமுக்கம் போயிடும், நாளத்துல இருந்த ஓட்டை அப்படியே இருக்கும். அதனாலதான் அட்ரினலினோட கிளிப்போ சூடோ ஏதாவது ஒண்ணு கட்டாயம் சேரணும்னு இன்னைக்கு எல்லா வழிகாட்டு நெறிகளும் சொல்லுது.

அதுக்காக அட்ரினலினை ஒதுக்கிடாதீங்க. பீச்சுற இடத்துல திரை முழுக்கச் சிவப்பா இருக்கும், கிளிப்பை எங்கே வைப்பீங்க? பார்வை கிடைக்கிறதுக்குத்தான் அது. 1 மில்லி ஆம்பூல்ல 9 மில்லி சலைன் சேர்த்தா 1:10,000. ரெண்டு 10 மில்லி சிரிஞ்ச் கலந்து, மேலே பேர் எழுதி வெச்சுடுங்க. ஒரு குத்துக்கு 0.5லேர்ந்து 2 மில்லி. நாளத்துலேர்ந்து ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளி நாலு பக்கம். வயிறு, டியோடினம்னா மொத்தமா 10லேர்ந்து 20 மில்லி வரைக்கும் போகலாம்.

வரிசையில ஒரு சூட்சுமம் இருக்கு. தூரமா இருக்கிற பக்கத்துல முதல் குத்து, கிட்டத்துல இருக்கிற பக்கத்துல கடைசி. மாத்திப் போட்டா முன்பக்கம் மேடா உப்பிக்கிட்டு நாளத்தையே மறைச்சிடும், அப்புறம் குருட்டாம்போக்குதான். குத்தின இடம் வெளுத்து உப்பணும். உப்பலைன்னா ஊசி ரொம்ப ஆழமா போயிருக்கும், இல்லைன்னா மருந்து வெளியே கொட்டிக்கிட்டிருக்கும். மானிட்டர்ல ஒரு கண் வையுங்க. நாடி சட்டுனு எகிறும், இதய நோயாளிக்குத் துடிப்பு தாளம் தப்பும்.

மயக்கமருந்து_நைட்டூட்டி | இரவு 9.58

ஸ்கோப்புக்கு முன்னாடி என்னன்னு கேட்ட கேள்விக்கு வர்றேன். எண்டோஸ்கோபி ரூம்ல ஆள் போறது பெரும்பாலும் ரத்தம் பீச்சுறதால இல்லை. காலி ரத்தக்குழாயோட மேசை ஏத்தறதாலயும், மூச்சுக்குழாய்க்குள்ள ரத்தம் இறங்கறதாலயும்தான்.

ரெண்டு கையிலயும் 16 அல்லது 18 கேஜ் வென்ஃப்ளான் (நரம்புல போடற ஊசிக்குழாய்). கிராஸ்மேட்ச் (ஏத்தற ரத்தம் பொருந்துதான்னு பார்க்கிறது), ரத்த வகை, ஐ.என்.ஆர். (ரத்தம் உறையறதைக் காட்டற டெஸ்ட்), யூரியா. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனா ரத்தம் ஏத்துங்க, இதய நோய் இருந்தா 8லேயே. ஆனா முதல் ரிப்போர்ட்ல 11ன்னு வந்தா நிம்மதியாகிடாதீங்க. ரத்தம் போன வேகத்துக்கு உடம்பு இன்னும் நீர் சேர்த்துக்கலை, அவ்வளவுதான். சலைன் உள்ளே போய் சில மணி நேரம் கழிச்சுத்தான் அசல் எண் தெரியும். நாடி 120, பிரஷர் 80ன்னு இருந்து ரத்தம் கொட்டிக்கிட்டே இருந்தா 7 வரட்டும்னு காத்திருக்கவும் கூடாது.

தொடர்ந்து ரத்த வாந்தி, நினைவு தடுமாற்றம், பிடிச்சு வைக்க முடியாத அளவுக்குப் புரளறது, இதுல ஒண்ணு இருந்தாலும் மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போட்டுட்டு ஸ்கோப் பண்ணுங்க. மத்தவங்களுக்கு இடதுபக்கம் சாய்ச்சு, யாங்கர் சக்‌ஷனை வாய் ஓரமாவே வெச்சிருந்தா போதும்.

எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் நரம்பு வழியா, ஸ்கோப்புக்கு 30லேர்ந்து 90 நிமிஷம் முன்னாடி. வயித்துல இருக்கிற ரத்தக் கட்டியைக் கீழே தள்ளிடும். ஈ.சி.ஜி.யில க்யூ.டி. நீளமா இருந்தா வேண்டாம். ஊசி கிடைக்காத இடத்துல மெட்டோகுளோப்ரமைடு 10 மில்லிகிராம் போடறாங்க. அதுக்கு ஆதாரம் குறைவு.

மூக்கு வழியா ரைல்ஸ் டியூப் விட்டு ஐஸ் தண்ணி ஊத்தற பழக்கத்தை விட்டுடுங்க. ரத்தம் அதால நிக்காது, உடம்பு சூடுதான் இறங்கும்.

அரூர்_பணிமருத்துவர் | இரவு 10.05

நன்றி சார். இதையெல்லாம் முடிச்சா ரெண்டு மூணு மணி நேரம் ஓடிடுமே, தாமதம்னு ஆகாதா?

ஓசூர்_கேஸ்ட்ரோ | இரவு 10.14

ஆகாது. 24 மணி நேரத்துக்குள்ள பண்ணினா சரி. ஹாங்காங்ல அதிக அபாய நோயாளிகளை வெச்சுப் பண்ணி 2020ல வந்த ஆய்வுல, 6 மணி நேரத்துக்குள்ள ஸ்கோப் பண்ணினவங்கள்ல 30 நாள் இறப்பு 8.9 சதவீதம். 6லேர்ந்து 24 மணி நேரத்துக்குள்ள பண்ணினவங்கள்ல 6.6. சீக்கிரம் பண்ணினதால லாபமே இல்லை. ஆனா எவ்வளவு சலைன், ரத்தம் குடுத்தும் பிரஷர் நிக்காதவங்களை அந்த ஆய்வுல சேர்க்கலை. அப்படிப்பட்டவரை இதைக் காட்டிக் காலை வரைக்கும் போட்டு வைக்கக் கூடாது.

கல்லீரல் நோய் அடையாளம் இருந்தா, அதாவது கண் மஞ்சள், வயித்துல நீர், குடிப்பழக்கம்னு வந்தா, உணவுக்குழாய்ல வீங்கின நாளம், அதாவது வேரிசிஸ்னு நினைச்சே ஆரம்பிங்க. ஸ்கோப்புக்கு முன்னாடியே டெர்லிப்ரெசின் 2 மில்லிகிராம், செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம். ஸ்கோப்ல அல்சர்னு தெரிஞ்சா டெர்லிப்ரெசினை நிறுத்திக்கலாம்.

எண்டோ_டெக்னீஷியன் | இரவு 10.32

டாக்டருங்க மருந்தைச் சொல்லிட்டாங்க, நான் சாமானைச் சொல்றேன்.

ஊசி: உள்ளே விடறதுக்கு முன்னாடி வெளியிலயே ஒருமுறை நீட்டி, இழுத்துப் பாருங்க. குழாய் முழுக்க மருந்து நிரப்பி, முனையில ஒரு சொட்டு வந்த பிறகு கொடுங்க. இல்லைன்னா முதல் குத்துல காத்துதான் போகும். மூடி வெச்சு உள்ளே, மூடி வெச்சு வெளியே. நீட்டின ஊசியோட சேனல்ல இழுத்தா உள் சுவர் கிழிஞ்சிடும். அது அன்னைக்குத் தெரியாது. தண்ணி உள்ளே இறங்கி ஸ்கோப் மங்கும்போதுதான் தெரியும்.

கிளிப்: ஸ்கோப் நேரா இருக்கும்போதே சேனல் முனை வரைக்கும் தள்ளி வெச்சுக்கங்க. பல்புக்குள்ள முழுசா வளைச்ச பிறகு தள்ளினா முட்டிக்கும். முட்டறப்ப பலமா தள்ளினா உறை மடிஞ்சிடும். மடிஞ்ச உறையில கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் விசை முனைக்குப் போகாது. கிளிப் திறந்த வாயோட நிக்கும், ஒரு கிளிப் தண்டம். அந்த வளைவுல கட்டாயம் போட்டே ஆகணும்னா ஸ்கோப்பை வயித்துக்கு இழுத்து, நேராக்கி, கிளிப் முனையை லேசா எட்டிப் பார்க்க வெச்சுட்டுத் திரும்ப நுழையணும்.

"மூடு"ன்னு டாக்டர் சொன்னதும் ஒரே இழுப்புல முடிக்கிறது புது ஆளுங்க பண்ற தப்பு. கையில முதல் தடை தட்டுற வரைக்கும் மூடி, நிறுத்துங்க. தண்ணி அடிச்சுப் பார்த்து, "விடு"ன்னு சொன்ன பிறகு மிச்சம். திரும்பத் திறக்கிற வகை கிளிப்னா தப்பான இடத்தைக் கடிச்சிருந்தாலும் மாத்தி வைக்கலாம். மூடற நேரத்துல லேசா சக்‌ஷன் கொடுத்தா சதை வாய்க்குள்ள வரும். காத்து ஊதி விரிச்ச சுவத்துல கிளிப் மேலோட்டமாத்தான் கடிக்கும்.

கத்தியும்_கேமராவும் | இரவு 10.50

டெக்னீஷியன் சொன்னதில் முக்கால்வாசி பல்பின் முன்சுவருக்குப் பொருந்தும். பின்சுவர்தான் நம்மைக் கவிழ்ப்பது. கேஸ்ட்ரோடியோடினல் தமனி அங்கேதான் ஓடுகிறது, ஸ்கோப்பின் முகம் அதற்கு நேராகத் திரும்பாது. பக்கவாட்டில் உரசிக்கொண்டு வரும் கிளிப் அல்சர் தளத்தைக் கடிக்காமல் ஓரத்தைக் கடிக்கும். பழைய அல்சர் என்றால் தளம் நாராக இறுகியிருக்கும், கிளிப் வழுக்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நான்கு கிளிப்பை வீணாக்குவதைவிடச் சூடு வைப்பதே மேல். வயிற்றில் சிறுவளைவின் மேல்பகுதியும் இதே ரகம், அங்கே இடது இரைப்பைத் தமனியின் கிளை.

ஓசூர்_கேஸ்ட்ரோ | இரவு 11.04

பின்சுவர் பத்தி சார் சொல்றது சரி. ஆனா கிளிப்பே வேலைக்காகாதுன்னு ஒதுக்க மாட்டேன். ஸ்கோப் முனையில ஒளி புகும் கேப் மாட்டினா பல்புக்குள்ள ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், கோணமும் கொஞ்சம் திரும்பும். நாளம் ஓடற திசைக்குக் குறுக்கே கடிக்கணும். நாளத்தோட நீளவாக்குல கடிச்சா ஓட்டை ரெண்டு பல்லுக்கு நடுவுல அப்படியே இருக்கும்.

சூடு வைக்கிறவங்களுக்கு: பைபோலார்ல 15 வாட், ஒரு தடவைக்கு 8லேர்ந்து 10 வினாடி. ஹீட்டர் புரோப்னா 30 ஜூல் வீதம் நாலைஞ்சு அடி. முதல்ல புரோப்பால நாளத்தை நல்லா அமுக்கணும். அமுக்கினதும் ரத்தம் நின்னா இடம் சரின்னு அர்த்தம், அப்புறம்தான் பெடலை மிதிக்கணும். நாளத்தோட ரெண்டு சுவரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாத்தான் அடைபடும். மேலாகத் தொட்டுச் சுட்டா வெறும் கரிதான் மிஞ்சும். எடுக்கும்போது தண்ணி அடிச்சுக்கிட்டே எடுங்க, இல்லைன்னா பொருக்கு புரோப்போட ஒட்டிக்கிட்டுப் பிஞ்சு வரும், மறுபடி பீச்சும். 10 ஃபிரெஞ்ச் புரோப்புக்கு 3.7 மில்லிமீட்டர் சேனல் வேணும். அரூர் தம்பியோட 2.8ல 7 ஃபிரெஞ்ச்தான் போகும். அது சின்ன நாளத்துக்குச் சரி, பெருசுக்குப் பத்தாது.

அரூர்_பணிமருத்துவர் | இரவு 11.15

பீச்சாம, ரத்தக் கட்டி மட்டும் ஒட்டிக்கிட்டிருந்தா?

ஓசூர்_கேஸ்ட்ரோ | இரவு 11.27

அதான் ஃபாரஸ்ட் 2பி, அல்சரோட தோற்றத்தை வெச்சுத் தரம் பிரிக்கிற எண். 1974ல வந்த அந்த வகைப்பாட்டை ரிப்போர்ட்ல எழுதாம விடாதீங்க. சிகிச்சை இல்லாம விட்டா மறுபடி ரத்தம் வர்ற வாய்ப்பு, பழைய தொகுப்புக் கணக்குப்படி: பீச்சல், கசிவு ரெண்டும் சேர்த்து 55 சதவீதம் போல, ரத்தம் நின்னு நாளம் மட்டும் துருத்திக்கிட்டிருந்தா 43, ஒட்டின கட்டி 22, தட்டையான கரும்புள்ளி 10, சுத்தமான தளம் 5. கடைசி ரெண்டுக்கும் ஸ்கோப் வழியா ஒண்ணும் பண்ண வேண்டாம். மாத்திரை, சாப்பாடு, சீக்கிரம் வீடு. அங்கே போய்க் கிளிப் போடறது அனாவசியம்.

கட்டிக்கு: முதல்ல சேனல் வழியா விடாம தண்ணி அடிங்க, அஞ்சு நிமிஷமாவது. கழண்டு வந்தா அடியில என்ன இருக்குன்னு பார்த்து முடிவு. வரலைன்னா சுத்தி அட்ரினலின் போட்டு, கரண்ட் இல்லாம ஸ்னேரால (கம்பிச் சுருக்கு) கட்டியை மேலாக நறுக்கலாம், மூணு நாலு மில்லிமீட்டர் அடிக்கட்டை மிச்சம் வெச்சு. ஆனா கிளிப்பும் சூடும் கையில இல்லாத இடத்துல கட்டியைத் தொடாதீங்க. மூடியைத் திறந்துட்டு மூட ஒண்ணும் இல்லாம நிக்கிற நிலைமை ஆகிடும். பாண்டோபிரசோல் (அமிலத்தைக் குறைக்கிற பி.பி.ஐ. மருந்து) ஆரம்பிச்சு, அப்படியே அனுப்புங்க.

வார்டு_சிஸ்டர் | இரவு 11.41

பாண்டோபிரசோல் கணக்கு எழுதறேன், ராத்திரி டூட்டியில அடிக்கடி குழம்பற இடம். முதல்ல 80 மில்லிகிராம், அதாவது 40 வயல் ரெண்டு, மெதுவா நரம்பு வழியா. அப்புறம் மணிக்கு 8 மில்லிகிராம், 72 மணி நேரம்.

சிரிஞ்ச் பம்ப் இருந்தா ரெண்டு வயலை 50 மில்லி சலைன்ல கலந்து மணிக்கு 5 மில்லி. பம்ப் இல்லைன்னா ரெண்டு வயல் 100 மில்லி சலைன்ல, மைக்ரோ டிரிப் செட்ல நிமிஷத்துக்கு 10 சொட்டு. ரெண்டுமே பத்து மணி நேரம் ஓடும். 72 மணிக்கு எட்டு தடவை மாத்தணும், 16 வயல். போலஸ், அதாவது முதல்ல போட்ட ரெண்டையும் சேர்த்து 18. ஒரே தடவையா இண்டென்ட் போட்டுடுங்க, விடியக்காலம் மூணு மணிக்கு ஸ்டோர் சாவி தேட வேண்டாம். அந்த லைன்ல வேற ஊசி போடாதீங்க, மிடாசோலம் போட்டா ஒத்துக்காது. சாதா டிரிப் செட்டுக்கு இந்தச் சொட்டுக் கணக்கு செல்லாது.

டிரிப் முடியலைன்னா 80 போலஸுக்கு அப்புறம் 40 மில்லிகிராம் வீதம் நாளைக்கு ரெண்டுலேர்ந்து நாலு தடவை ஊசியாவும் போடறாங்க.

ஓசூர்_கேஸ்ட்ரோ | இரவு 11.48

சிஸ்டர் சொன்னதோட காரணமும் சேர்த்துக்கங்க. அமிலம் இருக்கிற வயித்துல ரத்தம் சரியா உறையாது, உறைஞ்ச கட்டியும் செரிச்சுப் போயிடும். பி.எச். 6க்கு மேல இருந்தாத்தான் கட்டி நிக்கும். மறு ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் மூணு நாள்ல வர்றதால 72 மணிக் கணக்கு. அதுக்கப்புறம் 14ஆம் நாள் வரைக்கும் ரெண்டு வேளை மாத்திரை, பிறகு ஒரு வேளை.

வார்டு_சிஸ்டர் | இரவு 11.55

கவனிக்க வேண்டியது: புது ரத்த வாந்தி, நாடி 100க்கு மேல ஏறி நிக்கிறது, பிரஷர் 100க்குக் கீழே, ஒரு நாளைக்குள்ள ஹீமோகுளோபின் 2 குறையறது. கருப்பு மலம் மட்டும்னா பயப்படாதீங்க, குடல்ல தங்கின பழைய ரத்தம் ரெண்டு மூணு நாள் வரும். அயர்ன் மாத்திரை ஆரம்பிச்ச பிறகும் கருப்பாத்தான் போகும், உறவுக்காரங்களுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. களி எப்பக் குடுக்கலாம்னு எல்லாரும் கேப்பாங்க. கிளிப் போட்டவருக்கு முதல் நாள் தண்ணி, இளநீர், கஞ்சித்தண்ணி. மறுநாள் குழைவா ஏதாவது. ராகிக் கூழ் தாராளமா. களி ஒரு நாள் பொறுக்கட்டும்.

மருந்துக்கடை_பாலக்கோடு | நள்ளிரவு 12.10

இந்தப் பக்கத்து அல்சருக்கு ஒரு தனி ஊத்துக்கண் இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோட பேரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்புன்னு இருக்கு, தண்ணி வந்தது 2013ல. அதுக்கு முன்னாடி பல வருஷம் போர்த் தண்ணி குடிச்சவங்க இடுப்பு, முட்டி, கழுத்து விறைச்சுப்போய் வருவாங்க. "வலி மாத்திரை பத்து குடுப்பா"ன்னுதான் கேப்பாங்க. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், சில இடத்துல கூடவே டெக்ஸாமெத்தசோன். டைக்ளோவோட ஸ்டீராய்டு சேர்ந்தா வயித்துக்கு ரெட்டை அடி. ஆஸ்பத்திரியில "என்ன மாத்திரை சாப்பிடறீங்க"ன்னு கேட்டா "ஒண்ணும் இல்லை"ம்பாங்க, வலி மாத்திரையை அவங்க மாத்திரைக் கணக்குலயே சேர்க்கறதில்லை. "முட்டி வலிக்குக் கடையில என்ன வாங்கறீங்க"ன்னு கேளுங்க, கவரோட வரும்.

ஓசூர்_கேஸ்ட்ரோ | நள்ளிரவு 12.22

இது ரொம்ப உபயோகமான கேள்வி. அதோட இன்னொண்ணு: வலி மாத்திரைதான் காரணம்னு முடிவு பண்ணி ஹெச். பைலோரிங்கிற வயித்துக் கிருமியை விட்டுடாதீங்க. ரத்தம் வர்ற நேரத்துல எடுக்கிற யூரியேஸ் டெஸ்ட், கிருமி இருந்தும் இல்லைன்னு காட்டும். நெகட்டிவ்னா சில வாரம் கழிச்சு, பி.பி.ஐ.யை ரெண்டு வாரம் நிறுத்திட்டு மறுபடி பார்க்கணும். வயித்து அல்சர்னா எட்டு வாரத்துல மறு ஸ்கோப், ஓரத்துல பயாப்ஸி. புத்துநோயும் அல்சர் வேஷத்துல வரும்.

ஆஸ்பிரின்: மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்னா நிறுத்தாதீங்க, நிறுத்தியிருந்தா மூணு நாளுக்குள்ள திரும்ப ஆரம்பிங்க. முன்னெச்சரிக்கைக்குன்னு சும்மா போடறவர்னா நிறுத்திடலாம். ஸ்டென்ட் வெச்சவர் ரெண்டு மாத்திரை போட்டா, ஆஸ்பிரின் ஓடட்டும், இன்னொண்ணை இதய டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

கத்தியும்_கேமராவும் | நள்ளிரவு 12.40

மறுபடி ரத்தம் வந்தால் நேரே தியேட்டர் அல்ல, இன்னொரு ஸ்கோப். ஹாங்காங்கின் 1999 ஆய்வு இதைத்தான் காட்டியது: இரண்டாம் முறை ஸ்கோப் செய்தவர்களில் பெரும்பாலோர் அறுவையில் இருந்து தப்பினர், இறப்பும் கூடவில்லை. தோற்றவர்களில் தனித்துத் தெரிந்த இரண்டு: இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அல்சர், மறு கசிவின்போது பிரஷர் விழுந்தது. அந்த இரண்டும் இருப்பவருக்கு இரண்டாம் ஸ்கோப் போடும்போதே தியேட்டரைத் தயாராக வையுங்கள். முதல் முறை சூடு வைத்த இடத்தில் மறுநாளே மீண்டும் சூடு வைக்காதீர்கள், பல்பின் சுவர் மெலிது, ஓட்டை விழும். அங்கே கிளிப் முயலுங்கள்.

எம்போலைசேஷன் (ரத்தக்குழாய் வழியாகவே போய் நாளத்தை அடைப்பது) வசதி இருக்கும் ஊருக்கு அனுப்ப முடிந்தால் அறுவைக்கு முன் அதுதான். இல்லாவிட்டால் வயிறு முடியும் வாயான பைலோரஸுக்குக் குறுக்கே திறந்து, விரலால் அமுக்கி, நாளத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொரு தையல், உள்பக்கமாக வரும் கணையக் கிளைக்கு மூன்றாவது. அந்த மூன்றாவதை மறந்தால் ரத்தம் நிற்காது, ஆழமாகப் போட்டால் பித்தக்குழாய் மாட்டும்.

அரூர்_பணிமருத்துவர் | நள்ளிரவு 12.52

அப்ப என் முதல் கேள்விக்கு: கிளிப் இல்லாத ராத்திரி, அட்ரினலின் மட்டும் போட்டு நின்னா, அனுப்பணும். சரியா?

மயக்கமருந்து_நைட்டூட்டி | நள்ளிரவு 1.03

சரி. ரத்தம் நின்னிருக்கிற அந்த இடைவெளிதான் வண்டி ஏத்தற நேரம். மறுபடி ஆரம்பிச்ச பிறகு கணவாய் ரோட்டுல வளைவுக்கு வளைவு ரத்த வாந்தி எடுக்கிறவரை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. அரூர்லேர்ந்து முதல்ல தர்மபுரி மருத்துவக் கல்லூரிக்குப் போன் போடுங்க: கிளிப்போ புரோப்போ இன்னைக்கு ராத்திரி இருக்கா, போடறவர் இருக்காரா. இல்லைன்னாத்தான் சேலம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துக்காரங்களுக்குப் பெங்களூரு கிட்ட. ஓசூர்லேர்ந்து நாப்பது கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலேர்ந்து தொண்ணூறு போல.

108ல ஏத்தறப்போ ரெண்டு லைனும் ஓடணும், கிராஸ்மேட்ச் ஆன ரத்தம் கூடவே போகணும், பாண்டோபிரசோல் நிக்கக் கூடாது. நினைவு சரியில்லைன்னா டியூப் போட்டே அனுப்புங்க. சீட்டுல "அல்சர், சிகிச்சை தரப்பட்டது"ன்னு எழுதி அனுப்பாதீங்க. பல்பா வயிறா, எந்தச் சுவர், ஃபாரஸ்ட் எண், அட்ரினலின் எத்தனை மில்லி எத்தனை மணிக்கு, கிளிப் எத்தனை, ரத்தம் எத்தனை யூனிட், ஆஸ்பிரினோ வார்ஃபரினோ போடறாரா. கிளிப் எண்ணிக்கையோட கிளிப் வகையும் எழுதினா பின்னாடி யாராவது எம்.ஆர்.ஐ. கேக்கும்போது உதவும்.

எண்டோ_டெக்னீஷியன் | நள்ளிரவு 1.15

வண்டி கிளம்பினதும் ஸ்கோப்பைத் தொங்க விட்டுட்டுப் படுக்கப் போயிடாதீங்க. ரத்தம் சேனல்ல காஞ்சா காலையில பிரஷ் போகாது. வெளியே எடுத்த கையோட என்சைம் தண்ணியை உறிஞ்ச விடுங்க. அப்புறம் லீக் டெஸ்ட், அதுக்கப்புறம்தான் முக்கிக் கழுவறது. குமிழ் வந்தா முக்காதீங்க, தனியா எடுத்து வெச்சு எழுதி வைங்க. ராத்திரி ஊசி போட்ட ஸ்கோப்புன்னா குமிழ் முக்கால்வாசி சேனல் வாய்ப்பக்கம்தான் வரும்.